றஊப் ஓட்டிய லொறி

“இந்த லொறிய நான் எடுக்க மாட்டன்,” என்று சாவியை மேசையில் வைத்தான் ஹிஸ்புல்லா.

முதலாளி முத்தலிப் தலை நிமிர்ந்தார். “லைசன்ஸ் மை இன்னும் காயல்ல. அதுக்குள்ள தொரைக்குப் புது லொறி கேக்குதோ?”

“புதுசு கேக்கல்ல முதலாளி. பிறேக் கேக்கிறன்.”

வெளியே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். முத்தலிப்பின் லொறி யார்டில் அவரை எதிர்த்து ஒருவரும் பேசுவதில்லை. யார்டுக்குள் எவராக இருந்தாலும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும். அதில் அவர் ஒருவருக்கும் விலக்கு வைத்ததில்லை.

ஹிஸ்புல்லா லைசன்ஸ் எடுத்ததிலிருந்து அவன் இந்த யார்ட் லொறியில்தான் ஏறுவான் என்று துறைமுகத்தடி முழுக்கப் பேச்சு. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். இன்று முதல் ஓட்டம். துறைமுகத்தில் கோதுமை மா மூடை ஏற்றி அனுராதபுரம் போக வேண்டும். சந்தோஷமாக ஏறி உட்கார்ந்து பிறேக்கை மிதித்தான். கால் அடித்தட்டு வரைக்கும் போய் நின்றது. அப்போதுதான் கவனித்தான்: பச்சைப் பெயின்ற் புதிது, லொறி பழையது. இது றஊப் ஓட்டிய லொறி.

ஹபறணைக் காட்டுக்குள் றஊப் இந்த லொறியோடுதான் மரத்தில் மோதிச் செத்துப் போனான். பிறேக் பிடிக்கவில்லை என்று அதற்கு முன்னரே அவன் முதலாளியிடம் சொன்னதை ஹிஸ்புல்லா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். ஆனால் விசாரணையில் முத்தலிப் சொன்னது வேறு: றைவர் நித்திரையாகிவிட்டான். ஊர் அதை நம்பியது. றஊப்பின் பெண்சாதி றஹ்மா முத்தலிப்பின் வாசற்படலை வரைக்கும் வந்து, வேறொன்றும் வேண்டாம், என் மாப்பிள்ளை தூங்கவில்லை என்று மட்டும் நாலு பேருக்கு முன்னால் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். முத்தலிப் படலையைச் சாத்தச் சொன்னார். றஊப்பை நானா என்றும் றஹ்மாவைத் தாத்தா என்றும் அண்ணன், அக்கா முறையில் கூப்பிட்டு வந்தவன் ஹிஸ்புல்லா.

இப்போது அதே லொறிக்குப் பெயின்ற் அடித்து அவனிடமே தந்திருக்கிறார். ஹிஸ்புல்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“றஊப் நானா தூங்கல்ல,” என்றான். “அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறேக்கச் செய்யுங்க. றஹ்மா தாத்தாட வாசலுக்குப் போய் உண்மையச் சொல்லுங்க. பிறகு நான் எதையும் ஓட்டுறன்.”

“ஒனக்குச் சோறு போட்டது இந்த யார்ட்,” என்று எழும்பி வந்தார் முத்தலிப். “எனக்கே புத்தி சொல்ல வந்திட்டியா?”

பளாரென்று ஓர் அறை விழுந்தது. காற்றடித்தவர்களில் ஒருவரும் குறுக்கே வரவில்லை. ஹிஸ்புல்லா அவரைவிட ஒரு சாண் உயரம். நினைத்திருந்தால் அந்தக் கையைப் பிடித்து முறுக்கியிருக்கலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“வேற கொம்பனிக்குப் போறன்.”

“போ. ஊர் என்னப் பாத்துச் சிரிக்கட்டும்.”

கடற்கரை வீதியில் நடக்கும்போது கன்னத்தைவிட நெஞ்சுதான் காந்தியது. நேரே ஸெய்னுதீன் ஹாஜியாரின் கொம்பனிக்குப் போனான். வெள்ளை வெளேரென்று புது லொறிகள். ஹாஜியார் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, பிடித்த லொறியை எடுத்துக்கொள் என்றார். அவன் ஒரு தரமாவது ஸ்ரியறிங் பிடித்திருக்கிறானா என்றுகூடக் கேட்கவில்லை. “நீ என்ட லொறில ஊரச் சுத்தினாப் போதும். முத்தலிப்ட மூஞ்சில கரி,” என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஹிஸ்புல்லா தேத்தண்ணியைத் தொடவில்லை. “நான் றைவர் வேலைக்கு வந்தனான். கரி பூச வரல்ல,” என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டான்.

கடைசியில் லிங்கநகரில் பேணாட்டின் கராஜில் போய் நின்றான். பேணாட்டிடம் இருந்தவை பழைய லொறிகள்தான்; அவரே அவற்றுக்கு முதலாளி, அவரே மெக்கானிக். லொறிக்கு அடியிலிருந்து எண்ணெய் முகத்தோடு வெளியே வந்தவர், அவன் கன்னத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தார்.

“முதல்ல ஏறிப் பிறேக்க மிதிச்சுப் பாரும்,” என்றார்.

மிதித்தான். கல்லைப்போல் நின்றது. அங்கேயே அவன் தீர்மானித்துவிட்டான்.

“யோசிச்சுத்தானே வந்தனீர், தம்பி?” என்றார் பேணாட். “நாளைக்கு முத்தலிப் முதலாளி என்ர வாசலில வந்து நிண்டா?”

“நிண்டா நான் கதைக்கிறன்.”

பேணாட் சாவியை நீட்டினார். அன்றே மா மூடையோடு கந்தளாய் போய்த் திரும்பினான். முத்தலிப்பின் யார்டைக் கடந்தபோது ஒரு தரம் ஹோர்ன் அடித்தான். வேண்டுமென்றேதான் அடித்தான்.

பொழுதுபடும் நேரம் வீட்டுக்கு வந்தான். உம்மா நபீஸா கதவைத் திறந்தாள். அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். சோறு ஆறிப் போய்க் கிடக்கிறது, பகலில் இருந்து ஒருவரும் தொடவில்லை என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே கண்ணைக் காட்டினாள்.

உள்ளே, சுவரைப் பார்த்தபடி முத்தலிப் தன் வழக்கமான கதிரையில் இருந்தார்.

ஹிஸ்புல்லாவின் கோபம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றான்.

“றஊப் நானா தூங்கல்ல எண்டு நாளைக்குப் போய்ச் சொல்லுங்க. இப்பச் சாப்பிட வாங்க, வாப்பா.”