சிரிப்பு மட்டும் மாறவில்லை

ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவில் ஒட்டியிருந்த தாளைப் புதுக்குரல் மூன்றாம் முறையாகப் படித்தாள்.

அங்கே தமிழில் குரல் கொடுக்கப்படும் தாய்லாந்துக் காதல் தொடரைப் பற்றிப் பார்வையாளர்கள் எழுதிய நிறைகுறைகளைச் சேனல்காரர்கள் தொகுத்து அனுப்பியிருந்தார்கள்.

நிறை: அவசரமில்லாத காதல். நாயகன் குடை பிடித்தால் தன் தோளை நனையவிட்டு நாயகி பக்கம் சாய்க்கிறான். கெட்டவர்கள்கூடக் கடைசியில் வெட்கப்படுகிறார்கள்.

குறை: ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே பாதி நேரம் ஓடிவிடுகிறது. சோகம் வந்தால் அதே பாட்டு. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில்கூட முகக்கிரீம் டப்பா, பெயர் தெரிகிற மாதிரி. ஒன்பதாம் பகுதியிலிருந்து நாயகியின் குரல் வேறு.

ஒன்பதாம் பகுதியிலிருந்து நாயகிக்குத் தமிழில் பேசுகிறவள் அவள்தான். கூடத்தில் எல்லோரும் அவளைப் புதுக்குரல் என்று கூப்பிடுவதும் அதனால்தான். அந்தக் குறையை அவள் தாங்கிக்கொண்டாள்.

கடைசி வரிதான் அவளைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தது.

‘ஆனால் சிரிப்பு மட்டும் மாறவில்லை. அதற்காகவே பார்க்கிறோம்.’

எட்டாம் பகுதிவரை நாயகிக்குப் பேசிச் சிரித்தவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

“அண்ணே, நேத்து ஒளிபரப்பான பகுதியைக் கொஞ்சம் போடுங்களேன்.”

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் தயங்கினார். பிறகு போட்டார்.

வசனம் அவளுடையது. வசனத்துக்கு முன்னால் இழுத்த மூச்சும் அவளுடையது. பேசி முடித்த இடத்தில், அதே வாயிலிருந்து, வேறொருத்தி சிரித்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. காதோடு காதாக அந்தச் சிரிப்பு.

“யாருண்ணே இது?”

“உங்க அண்ணிதாம்மா.”

இறந்தவள் அவருடைய மனைவி.

“ஏன், என் சிரிப்பு அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“பல் டாக்டருக்குக் காட்டுற மாதிரி இருக்கு” என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு மறைக்க ஒன்றுமில்லாதவர் போலச் சொன்னார். மனைவி ஒவ்வொரு தடவையும் பேசிப் பதிவான டேக்குகளை, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டியவற்றை, அவர் அழிக்கவில்லை. சரியாக வந்தது, வராதது என்று எல்லாவற்றையும் சலித்து, நாற்பத்தொரு சிரிப்புகளைத் தனியாக எடுத்து வைத்தார். புதுக்குரல் பேசிய பகுதிகளில் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். ஒருமுறை போட்டதை மறுமுறை போட்டதில்லை. வீட்டில் தனியாகக் கேட்கத் தைரியம் வரவில்லை. நாயகியின் உதட்டில் வைத்துக் கேட்டால், மனைவி எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று தோன்றியது.

“நேத்தோட தீர்ந்துபோச்சு தங்கச்சி. இன்னிக்குக் கடைசிப் பகுதி. முடியிறதே சிரிப்புலதான். இதுக்கு நீங்கதான் சிரிக்கணும்.”

அவளுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. இவ்வளவு பெரிய துக்கத்தை ஒரு மனிதர் எங்கேதான் கொண்டுபோய் வைப்பார் என்று இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளே, எனக்காக இல்லாவிட்டாலும் இவருக்காக இந்த ஒரு சிரிப்பைக் கொடு.

பதிவு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் நாயகனும் நாயகியும் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். காற்று வந்து நாயகனின் தொப்பியைக் கொண்டுபோனது. நாயகி சிரித்தாள்.

புதுக்குரலும் சிரித்தாள். பல் டாக்டர்.

இரண்டாவது தடவை விக்கல் மாதிரி வந்தது. மூன்றாவது இருமலில் முடிந்தது. ஏழாவது தடவை தொண்டையே வறண்டுவிட்டது.

“அண்ணி எப்படிண்ணே அப்படிச் சிரிச்சாங்க? ஒரு தொப்பி பறக்குது. இதுல சிரிக்க என்ன இருக்கு?”

அவர் நாற்காலியைக் கண்ணாடிக்கு அருகில் இழுத்துக்கொண்டார்.

“அவ எங்கேம்மா படத்தைப் பாத்தா?”

சொல்லிவிட்டு, ஹெட்போனைத் தலையிலிருந்து எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, தாடிபோல மோவாய்க்குக் கீழே மாட்டிக்கொண்டார். கன்னங்களை உப்பினார். புருவங்களை ஏற்றி இறக்கினார், ஏற்றி இறக்கினார். ஐம்பத்தைந்து வயது ஆள். நான்கு மாதமாக அந்தக் கூடத்தில் யாரோடும் சேர்ந்து ஒரு தடவைகூடச் சிரிக்காதவர்.

அப்போது அவளுக்குப் புரிந்தது. இத்தனை வீடுகள் காத்திருந்து கேட்ட அந்தச் சிரிப்பு, நாயகனைப் பார்த்து நாயகிக்கு வந்ததே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோமாளித்தனம் பண்ணிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து, வேலைக்கு நடுவில் அடக்க முடியாமல் பெண்டாட்டிக்கு வந்த சிரிப்பு.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதுக்குரலுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

அவர் அவளைப் பார்க்கவில்லை.

அவர் பார்வை அவள் முகத்துக்கு ஒரு சாண் கீழே நிலைத்திருந்தது. அங்கே யாரோ நிற்பது போல. அந்த யாரோ இப்போது சிரித்துவிடுவாள் என்பது போல.

முதல் நாள் இங்கே வந்தபோது மைக் அண்ணியின் உயரத்துக்குத் தாழ்ந்திருந்ததும், தான் அதை ஒரு சாண் ஏற்றி வைத்துக்கொண்டதும் அவளுக்கு நினைவு வந்தது.

சத்தம் வராமல் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினாள். மைக்கை மெல்லக் கீழே இறக்கினாள். பிறகு முழங்கால்களை மடித்து, தானும் இறங்கினாள்.

கன்னத்தை உப்பிக்கொண்டு காத்திருந்தவரின் கண்களுக்கு நேராக ஒரு முகம் வந்தது.

அவள் சிரித்தாள்.