கோபித்துக்கொண்டு போகிற தாய்மாமன்

ஆவுடையப்பனின் அக்கா மகன் உலகநாதன் எழுதிய நாவலில் ஒரு தாய்மாமன் வருகிறார். எந்த விசேஷ வீட்டிலும் மரியாதை குறைந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய் நிற்பார். யாராவது கூப்பிட வரவேண்டும், ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பமாட்டார். அதைப் படித்த நாளிலிருந்து ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சலூனில், டீக்கடையில், எங்கே போனாலும் பக்கத்தைப் பிரித்து, "நம்மளத்தான்யா எழுதியிருக்கான்" என்று காட்டினார். "கேலில்லா பண்ணியிருக்கான்" என்றாள் மனைவி. "கேலி பண்ணவும் ஒரு ஆளு வேணும்லா? ஒங்க அண்ணனப் பத்தி ஒரு வரி உண்டுமா?" என்றார். நாவலுக்கு ஊரில் பாராட்டு விழா நடந்தது. கஞ்சி போட்ட வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். கழுத்துவரை பொன்னாடை ஏறிய உலகநாதன் மைக்கைப் பிடித்து, "என் பாத்திரங்கள் மானுடத்தின் குறியீடுகள். இந்த ஊரில் யாரையும் மனதில் வைத்து நான் எழுதவில்லை" என்றான். ஆவுடையப்பன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். மண்டபமே திரும்பிப் பார்க்க, பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டினார். புறப்பட நின்ற பஸ்ஸின் படியில் அவர் ஒரு காலை வைத்தபோது, பொன்னாடை தெருவில் புரள உலகநாதன் ஓடிவந்தான். "மாமா, நில்லுங்க மாமா!" கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "ஏறுதியளா இல்லையா அண்ணாச்சி?" என்றார். ஆவுடையப்பன் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "கொஞ்சம் பொறும்யா. எத்தன தடவ கூப்பிடணும்னு எழுதினவனுக்குத் தெரியும்."