ஜன்னலோரக் கட்டில்

“எனக்கு ஒண்ணும் கெடையாது. என்னைய விடுங்க.”

கட்டிலில் படுத்திருந்த சந்தியாகு இரண்டு கைகளையும் முதுகுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

எதிரே ஊசியும் கையுமாக நின்ற டாக்டர் சுஷ்மா சிரித்தாள். மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இந்த வார்டில் இன்றுதான் அவளுக்கு முதல் நாள். ‘ஜன்னலோரக் கட்டில். மனச்சிதைவு நோய் உள்ளவர், நிமோனியாவோடு வந்திருக்கிறார், ரத்தம் எடுத்துவிடு’ என்று பெரிய டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுவா, மாமா. ரெண்டு நிமிஷ வேலை. கையைக் குடுங்கோ.”

“குடுக்க மாட்டேன். தல சுத்துதேன்னு செத்த நேரம் படுத்தேன். அதுக்குள்ள ஊசியத் தூக்கிட்டு வந்துட்டீங்க. நெஞ்சு வலிக்கி, மூச்சு முட்டுதுன்னு சொல்லச் சொல்ல, எல்லாம் மூளைக் கோளாறுன்னு தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தானே அந்தக் கிளினிக்காரன். அவன் ஒருத்தன் கொல்லப் பாத்தான். இப்ப நீங்களா?”

சுஷ்மா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். வெளியே ஜூலை மழை ஜன்னல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்க, அவன் கழுத்துவரை போர்வையைப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“நீங்க?”

“இவரு தம்பி, ஜெப்ரி. தாராவியில இருந்து வாறோம்.”

சுஷ்மா குரலைத் தாழ்த்தினாள். “யாரோ கொல்ல வர்றதா அடிக்கடி சொல்லுவாரா?”

“ஊசியப் பாத்தா மட்டும் சொல்லுவாரு.”

நிதானமாகப் பதில் சொல்ல ஓர் ஆள் கிடைத்த நிம்மதியில் அவள் அவன் பக்கம் நகர்ந்து நின்றாள்.

“மனசுக்கான மாத்திரையெல்லாம் ஒழுங்கா உள்ளே போறதா?”

“வருசக்கணக்கா... ஒரு நாள் தவறினதில்ல.”

“பீடி?”

“உண்டு டாக்டர். ஒரு நாளைக்கு ஒரு கட்டு. இங்க வந்தப்புறம் நிறுத்தியாச்சு.”

“நல்லதுதான். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. பீடிப் புகை இந்த மாத்திரையோட வேகத்தைக் குறைச்சிண்டே இருக்கும். திடீர்னு புகை நின்னா, அதே மாத்திரை ரத்தத்துல ஜாஸ்தியா ஏறிடும். இந்த மாதிரி ஜுரம் வேற சேர்ந்தா இன்னும் ஏறும். அப்போ தூக்கம் சொக்கும். சொக்கிண்டே சாப்பிட்டா சாதம் வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போயிடும். அதான் ரத்தம் எடுத்துப் பார்க்கணும். தேவைப்பட்டா மாத்திரையைக் குறைப்போம்.”

ஜெப்ரி பரீட்சைக்குப் படிப்பவன்போல முன்னால் குனிந்து கேட்டான். அவன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“இதெல்லாம் முன்ன... யாரும் சொன்னதில்ல டாக்டர்.”

“சொல்லணும். மனசுல வியாதின்னு ஒரு பேர் வந்துட்டா, உடம்புக்கு என்ன வந்தாலும் யாரும் காதுல போட்டுக்கறதில்லே. மூச்சு முட்டறதுன்னு சொன்னாக்கூடப் பிரமைன்னு தள்ளிடறா. முத்தினப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வரா. அதனாலயே நிமோனியா வந்தா மத்தவாளைவிட இவாளுக்கு ஆபத்து ஜாஸ்தி.”

“அதத்தான நானும் சொல்லுதேன்,” என்று சந்தியாகு கட்டிலில் இருந்து தலையைத் தூக்கினார். “அந்தக் கிளினிக்காரன...”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்கோ, மாமா.” சுஷ்மா ஜெப்ரியிடம் திரும்பினாள். “இப்படி மல்லாக்கப் படுக்க விடவே கூடாது. சாப்பாடு உக்கார்ந்துண்டுதான், சின்னச் சின்ன வாயா.”

“உக்காந்தா... மூச்சு லேசாத்தான் இருக்கு.”

“அதேதான். நன்னா கவனிச்சிருக்கேள். தூக்கம் ரொம்ப சொக்கினா உடனே நர்ஸைக் கூப்பிடணும். புரிஞ்சுதா?”

“உக்காந்து சாப்பிடணும். சின்ன வாயி. சொக்குனா... நர்ஸு. புரிஞ்சுது.”

“உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்தா போறும். இவர் சீக்கிரமே வீட்டுக்குப் போயிடுவார்.”

ஜெப்ரி வெட்கப்பட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சுஷ்மா கட்டிலுக்கு வந்து, சந்தியாகுவின் ஒரு கையை எப்படியோ வெளியே இழுத்து, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டாள். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“ஏசப்பா... ஏலே ஜெப்ரி, சும்மா இருக்கியேல. வாயத் தொறந்து சொல்லுல.”

“கையை உதறாம பிடிச்சுக்கறேளா, ஜெப்ரி? சமத்தா ஒரு நிமிஷம்.”

ஜெப்ரி நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தான். நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, போர்வையை விலக்கித் தன் கையை அவள் முன்னால் நீட்டினான்.

“எங்கண்ணன விட்டுருங்க டாக்டர், பேஷன்ட் நான்தான். என் சீக்கப் பத்தி ஒரு டாக்டர் எங்கிட்டயே பேசி இன்னைக்குத்தான் கேக்கேன்... அதான், பேச்சு முடியட்டும்னு இருந்தேன்.”