இளவரசியின் கையெழுத்து

விவாகரத்து கேட்டு, போன வாரம் வந்த பூதலூர்ப் பெண் இளவரசியை, தஞ்சாவூரில் இலவச சட்ட உதவி வக்கீல் கனிமொழி மறுபடி வரச் சொல்லியிருந்தார்.

"இன்னும் புருஷன் வீட்லயா இருக்கீங்க?"

"ஆமா மேடம். அவரு சிங்கப்பூர்ல வேற குடும்பம் வச்சுக்கிட்டாரு. நடக்க முடியாத மாமனாரை நான்தானே பார்க்கணும்?"

"உங்களுக்கு விவாகரத்தாகி ரெண்டு வருஷமாச்சும்மா. உங்க புருஷன் போட்ட கேஸ்ல, நோட்டீஸ் வாங்கியும் நீங்க கோர்ட்டுக்கு வரலைன்னு ஒருதலையா தீர்ப்பாயிருக்கு."

"எனக்கு நோட்டீஸே வரலையே!"

நோட்டீஸ் வாங்கியதற்கான ரசீதின் நகலை வக்கீல் நீட்டினார். இளவரசி வாங்கிப் பார்த்தாள். பெயர் அவளுடையது, கையெழுத்து மாமனாருடையது.

"தீர்ப்பை ரத்து பண்ண மனு போடலாம், கவலைப்படாதீங்க."

போன் அடித்தது. மாமனார்.

"எப்பம்மா வருவே? பசிக்குது."

"உங்க கையெழுத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன் மாமா."