கேஸ் மாத்திரை

பாவாத்தாளின் ஈரலில் இருந்த வைரஸ், மருந்தெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகும் அப்படியே இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடியும் பார்த்துவிட்டு, "வேற மாத்திரை ஏதாவது குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணுமில்லீங்க," என்றார் அவள் கணவர் சென்னியப்பன். "காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரை மட்டுந்தான். இந்த வைரஸுக்குக் குடுத்த பெரிய மாத்திரையப் போட்டா வயிறு எரியுதுன்னு சொன்னா. அதனாலீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வயித்துல ஆசிட் இருந்தாத்தான் இந்த மருந்து கரைஞ்சு உடம்புல சேரும். கேஸ் மாத்திரை அந்த ஆசிட்டக் கொறச்சிடும். மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

புது மருந்து வந்த அன்று காலையிலும் சென்னியப்பனின் கை பழக்கத்தில் கேஸ் மாத்திரை அட்டைக்குப் போய்த் திரும்பியது. பெரிய மாத்திரையை மட்டும் கொடுத்தார். பாவாத்தாள் அதை விழுங்கிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எரியுதா?" என்றார். இல்லை என்ற பதிலுக்காகவே இத்தனை நாளும் அவர் கேட்டுவந்த கேள்வி அது.

அவள் கண்ணைத் திறந்து, கேஸ் மாத்திரை அட்டையை அவர் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள்.

"எரியுதுங்க," என்றாள்.