இரண்டு தட்டு

கழுத்துப் பிடியில் மூச்சு முட்டிப்போன ஜெசிந்தா, இன்பரசியின் தோளில் இரண்டு முறை தட்டினாள். ஜூடோவில் அப்படித் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இன்பரசி உடனே பிடியை விட்டாள். விட்டதுதான் தாமதம், ஜெசிந்தா புரண்டெழுந்து அவளை மல்லாக்கத் தள்ளி அமுக்கிக்கொண்டாள். வெற்றிக்கு வேண்டிய இருபது நொடி அப்படியே ஆனதும் நடுவர் ஜெசிந்தாவின் பக்கம் கையைத் தூக்கினார்.

"சார், அவ தட்டுனா சார்! அதான் விட்டேன்."

"நான் பாக்கல. நான் சொல்லாம உன்னை யாரு விடச் சொன்னது? ரூல் தெரியாதா?"

"அவளையே கேளுங்க சார்!"

ஜெசிந்தா பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"குனிஞ்சு வணக்கம் வச்சிட்டு எறங்கு. எதுத்துப் பேசுனா அடுத்த வருஷமும் ஆட முடியாது, பாத்துக்க."

இன்பரசிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் குனிந்தாள். ஜெயித்த சிரிப்போடு ஜெசிந்தா கட்டிப்பிடிக்க வந்தாள். இன்பரசியும் இரண்டு கைகளாலும் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அரங்கமே கைதட்டியது. கைகள் இறுகின, இன்னும் இறுகின. ஜெசிந்தாவின் கை அவள் தோளில் இரண்டு முறை தட்டியது. பிறகு படபடவென்று தட்டியது.

"சார் சொல்லட்டும்," என்றாள் இன்பரசி அவள் காதோரம். "விடுறேன்."