திருப்திக் கையெழுத்து

இரண்டாம் மாடிக்குச் சற்று மேலே லிஃப்ட் சிக்கி நிற்கிறது. உள்ளே விளக்கும் இல்லை. கதவிடுக்கில் தையல்கடைக்காரரின் நான்கு விரல்கள் மட்டும் தெரிகின்றன; நகங்கள் வெளுத்துப் போயிருக்கின்றன. கட்டட மேனேஜர் எக்கி, அந்த விரல்களுக்கு நடுவே ஒரு தாளையும் பேனாவையும் செருகுகிறார். "அண்ணே, லிஃப்ட் சரியில்லைன்னு போன மாசம் நீங்க குடுத்த புகார் இன்னும் முடியாம கெடக்கு. அதை முடிச்சாத்தான் புதுப் புகார் ஏறும், மெக்கானிக் வருவான். 'சரிபண்ணிட்டாங்க, திருப்தி'ன்னு கையெழுத்துப் போட்டுடுங்க." "மூச்சு முட்டுதுப்பா..." "அதான் சீக்கிரம் போடுங்கங்கறேன்." உள்ளே செல்போன் வெளிச்சம் நடுங்குகிறது. வியர்வையில் நனைந்த தாள் வெளியே வருகிறது. மேனேஜர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் நிதானமாகப் படிக்கிறார். திரும்பி வந்து மறுபடியும் இடுக்கில் செருகுகிறார். "தேதி போடலையே அண்ணே. போன மாசத் தேதியா போடுங்க."